திடீரென்று நிறுத்தக் கூடாது

யோங் பெங்
4 பிப்ரவரி 2024

தம்பி ஹேமநாதனுக்கு,

அக்கா மலர் எழுதுவது. குடும்பக் குழுவில் என் எக்ஸ்ரே படத்தைப் போட்டதற்காக என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது, அதனால் கடிதம். நீயும் சுபத்ராவும் சுகம்தானே? மாமா சுகம். செம்பனை எண்ணெய் ஆலையில் அவருக்கு இந்த மாதம் ஓய்வே இல்லை. நான் சுகமில்லை.

பொங்கலுக்கு மறுநாள் துணி காயப்போடக் குனிந்தேன். முதுகில் சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. முதுகுத்தண்டில் ஓர் எலும்பு நசுங்கிப்போயிருக்கிறது. எனக்கு ஐம்பத்து மூன்று வயதுதான் ஆகிறது. முடக்குவாத சிகிச்சை கொடுக்கும் டாக்டர் பிரேமலா எக்ஸ்ரேயைப் பார்த்ததும், "வேற என்ன மருந்து சாப்பிட்டீங்க? ஒளிக்காம சொல்லுங்க" என்றார். நீ விற்கும் நலக்கொடி காப்ஸ்யூலைப் பற்றிச் சொன்னேன். பதினான்கு மாதம் சாப்பிட்டதையும், அது வேலை செய்தது என்று அவர் கொடுத்த மருந்தை நானாகவே விட்டதையும் சொன்னேன். மீதமிருந்த காப்ஸ்யூல்களைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

அந்த வீடியோவை எடுத்துவிடு. இங்கே மண்டபத்தில் எண்பது பேர் முன்னால் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆறு வருஷமா மடங்காத கை, இப்ப பாருங்க" என்று முஷ்டி மடக்கிக் காட்டுகிறேனே, அந்த வீடியோ. அது இன்னும் போன் போனாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பொங்கலன்று சுபத்ராவின் முகம் உப்பியிருந்தது. காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் கை எப்படி இருக்கிறது என்று எழுது.

அக்கா
மலர்


பாசிர் கூடாங்
17 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுதியது பழக்கத்தால். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே எல்லாரும் நலம்.

முதுகு ஒடிந்ததற்கு வருந்துகிறேன். அந்த வயதில் பெண்களுக்கு எலும்பு தேய்வது உலகத்தில் புதிதா? கை வலிக்கிறது என்று அழுதுகொண்டு என் வாசலுக்கு வந்தவள் நீ. "தம்பி, இன்னொரு பாட்டில் இருக்கா லா?" என்று மாதா மாதம் போன் செய்தவள் நீ. மைக்கை நான் நீட்டவில்லை. நீயாக எழுந்து வந்து வாங்கினாய். நீ பேசி முடித்ததும் கைதட்டினார்கள், உன் முகத்தை நான் பார்த்தேன். உனக்குப் பிடித்திருந்தது.

ரசாயன பிளாண்டில் பத்தொன்பது வருடம் ஷிப்ட் பார்த்த என்னை ஒரே காகிதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மாவின் பதினாறாம் நாளன்று, சாப்பிட உட்கார்ந்தவர்கள் எல்லாருடைய காதிலும் விழும்படி, "இவன் எதையும் உருப்படியா முடிச்சதே இல்ல" என்றாய். நான் மறக்கவில்லை. இப்போது முடித்துக் காட்டியிருக்கிறேன். நடக்க முடியாமல் கிடந்த அங்கம்மா, என் காப்ஸ்யூலைச் சாப்பிட்டு இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார். அவரிடம் போய்ச் சொல், நான் ஏமாற்றுக்காரன் என்று.

வீடியோ இருக்கும். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ஹேமநாதன்


யோங் பெங்
5 மார்ச் 2024

ஹேமநாதனுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

சோதனை முடிவு வந்துவிட்டது. உன் மூலிகைக் காப்ஸ்யூலில் டெக்ஸாமெத்தசோன் இருக்கிறது. ஸ்டீராய்ட். டாக்டர்கள் அளந்து, எண்ணி, பயந்து கொடுக்கும் மருந்து. அட்டைப்பெட்டியில் நீ போட்டிருப்பது வல்லாரைப் படம்.

டாக்டர் பிரேமலா எனக்குப் படம் போட்டு விளக்கினார். பிளாண்டில் கேஸ் டிடெக்டர்களோடு வாழ்ந்தவன் நீ, உனக்குப் புரியும். கிருமி நுழைந்தால் முதலில் பார்ப்பதற்கென்று உடம்பில் சில செல்கள் இருக்கின்றன. அவை யாரிடமும் கற்றுக்கொள்வதில்லை. பிறக்கும்போதே அந்தப் புத்தியோடு வருகின்றன. எதையாவது கண்டதும் சில மூலக்கூறுகளை வெளியே விடும். டி.என்.எஃப். என்று ஒன்று, இன்டர்லூக்கின் ஒன்று, இன்டர்லூக்கின் ஆறு என்று பெயர்கள். அவைதான் அலாரம். அதைக் கேட்டு மற்ற செல்கள் ஓடி வரும், இடம் வீங்கும், சுடும், வலிக்கும். கிருமி செத்ததும் எல்லாம் அடங்கிவிடும். அதுதான் முறை.

என் மூட்டுகளில் அடங்குவதில்லை. ஓடி வந்த செல்களும் அதே அலாரத்தை அடிக்கின்றன. அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் வருகின்றன. மூட்டின் உள்சவ்வு தடித்துப்போய்க் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், அப்படி அரித்து உதிரும் துணுக்குகளைப் பார்த்தே அந்த முதல் செல்கள் ஏதோ ஆபத்து என்று மறுபடி அலாரம் அடிக்கின்றன. வெளியிலிருந்து எதிரி வர வேண்டியதே இல்லை. சேதம்தான் அடுத்த சேதத்தைக் கூப்பிடுகிறது.

உன் காப்ஸ்யூல் செய்தது என்ன தெரியுமா? அலாரத்தின் ஒயர்களை மொத்தமாகப் பிடுங்கியது. சத்தம் நின்றது, நான் மேடையில் முஷ்டி மடக்கினேன். அதே காப்ஸ்யூல் எலும்பைத் தின்றது, கண்ணில் புரை வைத்தது, சர்க்கரையைக் கொண்டுவந்தது.

விற்பதை நிறுத்து. நீ நிறுத்தாவிட்டால் நான் நிறுத்துவேன். சுபத்ராவின் கையைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை.

மலர்


பாசிர் கூடாங்
21 மார்ச் 2024

அக்காவுக்கு,

சௌக்கியம் கேட்டாய், சௌக்கியம். உன் உடம்பும் தேறட்டும்.

செனாய் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் வேலையில் குறை தேடிச் சம்பளம் வாங்கினாய். வேலையை விட்டும் பழக்கம் போகவில்லை. இப்போது டாக்டர் வேஷம் வேறு. செல்லாம், அலாரமாம். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு மேலே சப்ளை செய்யும் திருச்செல்வம் கொடுக்கிறார், நான் கொடுக்கிறேன். வலியில் இருக்கிறவன் படித்துப் பார்த்தா வாங்குகிறான்? அவனுக்கு வலி போக வேண்டும், போகிறது.

என் வீட்டுப் பெண் கையைப் பற்றி உனக்கு என்ன கவலை? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை நீ ஒரு நாள் மதித்ததுண்டா?

இனி எழுதாதே. எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

ஹேமநாதன்


யோங் பெங்
14 ஏப்ரல் 2024

தம்பி ஹேமநாதனுக்கு,

புத்தாண்டு நாள். உங்கள் இருவருக்கும் நல்லது நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

போன வாரம் மருந்தக அமலாக்க அதிகாரிகளிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்துவிட்டேன். யோங் பெங்கில் நீ வாடகைக்கு எடுத்திருக்கும் கடையின் முகவரியையும் கொடுத்தேன். அவர்கள் வருவார்கள். முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று நீ சொல்லக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

இனி எழுதுவதைக் கவனமாகப் படி. சுபத்ரா இதைச் சாப்பிடுகிறாள் என்பது எனக்கு நிச்சயம். அவள் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஒரு நாள்கூட. வெளியிலிருந்து ஸ்டீராய்ட் மாதக்கணக்கில் போனால், உடம்பு தன்னுடையதைச் சுரக்க மறந்துவிடுகிறது. காப்ஸ்யூல் நின்றால் உள்ளே எதுவும் இருக்காது. வாந்தி வரும், இரத்த அழுத்தம் விழும், உயிரே போகலாம். டாக்டர் இதை பிப்ரவரியிலேயே என்னிடம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். இன்னும் அதைத்தான் சாப்பிடுகிறேன். நீ அவளை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், காப்ஸ்யூல் பாட்டிலைக் காட்டு. வெட்கப்படாதே. உன் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் இதைச் சொல்.

மலர்

(உறையின் மேல் சிவப்பு மையில்: பெற மறுப்பு. அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது. 19 ஏப்ரல்.)


பாசிர் கூடாங்
28 மே 2024

மலருக்கு,

நலமாக இருப்பாய். நீ கேட்டது நடந்துவிட்டது.

பன்னிரண்டாம் தேதி நான்கு அதிகாரிகள் வந்து கடையைக் காலி செய்தார்கள். பக்கத்துச் சீனன் கடையிலிருந்து போன் தூக்கிப் படம் எடுத்தார்கள். நான் நடுரோட்டில் நின்றேன்.

பதினேழாம் தேதி சுபத்ரா பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே கீழே விழுந்தாள். மூன்று நாளாக வாந்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் பிரஷரைப் பார்த்த நர்ஸ், "அலமாக்!" என்று பதறிக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினாள். ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. சுரப்பி வேலை செய்யவில்லையாம். காப்ஸ்யூல் நின்றதால்தானாம்.

நீ புகார் கொடுக்காமல் இருந்திருந்தால் அவள் நன்றாக இருந்திருப்பாள். உன் கௌரவத்துக்காக அவளைக் கொல்லப் பார்த்தாய். அவள் செத்திருந்தால் உன் வீட்டு வாசலில்தான் கொண்டுவந்து கிடத்தியிருப்பேன்.

ஹேமநாதன்


யோங் பெங்
2 ஜூன் 2024

ஹேமநாதா,

சுபத்ரா பிழைத்ததற்கு எல்லாத் தெய்வத்துக்கும் நன்றி. மற்றபடி உனக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

இத்துடன் ஓர் உறையை வைத்திருக்கிறேன். ஏப்ரலில் நீ திருப்பி அனுப்பியது. நானும் பிரிக்கவில்லை. அஞ்சல் முத்திரையில் இருக்கும் தேதியைப் பார். பிறகு பிரி. இரண்டாம் பத்தியைத் தாண்டிப் படி. படித்துவிட்டு, யார் யாரைக் கொல்லப் பார்த்தது என்று எனக்கு எழுது.

மலர்


பாசிர் கூடாங்
25 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது. இங்கே சுபத்ரா எழுந்து நடமாடுகிறாள். உன் முதுகு எப்படி இருக்கிறது?

படித்தேன். உறையைப் பிரித்தது ஜூன் மாதமே. அன்றிலிருந்து எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருந்தேன்.

அதிகாரிகள் என் வீட்டுக்கு வரவே இல்லை. வீட்டில் சுபத்ராவுக்கென்று மூன்று பாட்டில் இருந்தது. கடையில் சோதனை நடந்த அன்றே, வீட்டுக்கும் வருவார்கள் என்று பயந்து, மூன்றையும் நான் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். "எனக்கு மட்டும் ஒன்னு வைங்க, காலைல கை திறக்காதுங்க" என்று அவள் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். வாயை மூடு என்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதுகூட முதல் நாள் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டாம் நாள்தான் சொன்னேன்.

இன்னொன்று. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்று எழுதினேன். போன வருடமே தெரியும். கருப்பாயி என்ற வாடிக்கையாளரின் மகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், இதில் ஸ்டீராய்ட் கலந்திருக்கிறதா என்று நேராக வந்து கேட்டாள். நான் திருச்செல்வத்திடம் கேட்டேன். "ஆளுங்க நிறுத்தாம பாத்துக்க, வலி திரும்பினா உடம்பு சுத்தமாகுதுன்னு சொல்லு" என்றார். மருந்து மூலிகை என்றால் அவர் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? அன்றைக்கே புரிந்துவிட்டது. புரியாதவன் போல இன்னும் பத்து மாதம் விற்றேன்.

உன்னை மன்னிக்கவில்லை. நீயும் மன்னிக்க வேண்டாம்.

ஹேமநாதன்


பாசிர் கூடாங்
15 செப்டம்பர் 2024

அண்ணிக்கு,

சுபத்ரா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணனும் நலமா? என் உடம்பைப் பற்றி இந்த வருடம் முழுக்க அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பதிலை நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் உங்களுக்கு வந்த அதே முடக்குவாதம்தான். ஒரு வருடத்துக்கு மேல் வலி தெரியாததால் டாக்டரிடம் போகவில்லை. இடது மணிக்கட்டு எலும்பை அது அரித்திருக்கிறது. இப்போது வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். ஸ்டீராய்டையும் மெதுவாகக் குறைக்கிறார்கள். காலையில் சட்டைப் பொத்தான் போட இருபது நிமிடம் ஆகிறது.

அவருடைய அலமாரியில் உங்கள் கடிதங்களைப் பார்த்து, எல்லாவற்றையும் படித்தேன். மார்ச் மாதக் கடிதத்தில் செல்களைப் பற்றியும் அலாரத்தைப் பற்றியும் அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். என் டாக்டர் சொன்னதைவிட எனக்கு அதில்தான் புரிந்தது. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது என்ற ஒரு வரி அதில் இல்லை. அது உங்களுக்கு பிப்ரவரியிலேயே தெரியும் என்று ஏப்ரல் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மார்ச் கடிதத்தை அவர் பிரித்துப் படித்தார், அண்ணி.

ஏப்ரல் உறை திரும்பி உங்கள் கைக்கு வந்தது. உள்ளே இருப்பதை நாங்கள் படிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். என் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறது. உங்களை நான் பிளாக் செய்யவில்லை. யோங் பெங்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஒரு மாதம் நீங்கள் அந்த உறையை வைத்திருந்தீர்கள்.

அந்தக் காப்ஸ்யூலை நான் முதலில் எடுத்தது அவர் சொல்லி அல்ல. உங்கள் வீடியோவைப் பார்த்துத்தான். அவர் சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் என் கையை வைத்துச் சண்டை போட்டீர்கள். என்னிடம் யாரும் பேசவில்லை.

சுபத்ரா


யோங் பெங்
6 அக்டோபர் 2024

சுபத்ராவுக்கு,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் எனக்கு முதுகு வலி, பஸ் ஏற முடியாது என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் உனக்குப் போன் செய்தால் அவன் பிடுங்கிக்கொள்வான் என்று நினைத்ததாக எழுதியிருந்தேன். இரண்டும் பொய். மூன்றாவதில் அழுதிருந்தேன், அதுவும் உனக்கு எதற்கு?

உண்மை இதுதான். மார்ச் மாதம் அந்த வரி என் நினைவில் இருந்தது. அதை எழுதினால் கடிதம் உன் உடம்பைப் பற்றியதாகிவிடும், அவன் தப்பு பின்னுக்குப் போய்விடும் என்று தோன்றியது. அவன் தோற்றதை அவனுக்குச் சொல்வதுதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. உறை திரும்பி வந்தபோதும், இனி நடப்பதற்கு அவன்தான் பொறுப்பு என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். போனைக் கையில் எடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை எடுத்தேன். உன் பெயர் வரை போனேன். வைத்துவிட்டேன்.

போன வாரம் புது வீடியோ எடுத்தேன். என் கை, என் முதுகுப் பட்டி, என் சோதனைத் தாள், எல்லாவற்றையும் காட்டினேன். வேறு ஆளிடம் வாங்கி இன்னும் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி, பழையதை அனுப்பிய எல்லாருக்கும் அனுப்பினேன். திட்டி எழுதினவர்களே அதிகம். அங்கம்மாவை நானே நேரில் போய்க் கூட்டிச் சென்றேன். வழியெல்லாம் என்னைச் சபித்துக்கொண்டே வந்தார். டாக்டர் அவரை அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்.

வழக்கு நவம்பர் பதினெட்டாம் தேதி, பத்து பஹாட் நகரத்துக் கோர்ட்டில். உன்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பதாக அதிகாரி சொன்னார். ஹேமநாதன் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லப்போவதாகவும் சொன்னார். அவனுக்குத் தெரியும் என்பதற்கு அவன் கையெழுத்திலேயே ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. அதிகாரியிடம் இதுவரை காட்டவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் என்றால் ஓடிப்போய்க் கொடுத்திருப்பேன். இப்போது உன்னிடம் கேட்கிறேன். என்ன செய்யட்டும்?

மலர்


பாசிர் கூடாங்
3 நவம்பர் 2024

அண்ணிக்கு,

நலம். தீபாவளிக்கு இங்கே பலகாரம் செய்யவில்லை. நீங்கள் அனுப்பிய முறுக்கு வந்தது. வேண்டாம் என்று திருப்பி அனுப்ப நினைத்தேன், பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதை நான் தனியாக முடிவு செய்யவில்லை. உங்கள் கடிதத்தை அவரிடமே நீட்டினேன். படித்தார். தெரியாது என்று சொன்னால் தப்பித்துவிடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவர் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். நான்கு நாள் கழித்து, நேற்று என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போது, குனிந்தபடியே, "அக்காவ அந்தக் கடிதத்த எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார்.

பதினெட்டாம் தேதி அவரே கார் ஓட்டுகிறார். நானும் வருகிறேன். யோங் பெங் டோலைத் தாண்டி, பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடை எதிரே காலை ஏழு மணிக்கு நில்லுங்கள். வழியில் நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம். உங்களிடமும் யாரும் பேச மாட்டோம் என்றுதான் நினைக்கிறேன். முதுகுக்கு ஒரு தலையணை எடுத்து வாருங்கள். பின்சீட்டில் இடம் இருக்கிறது.

சுபத்ரா